ஹார்பூனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

விமானப் பராமரிப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் விதிகள் எல்லாமே சரியானவை. ஒவ்வொரு விதியும் எங்கோ யாரோ செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு நட்ட நடுகல். நியூ ஜெர்சியில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் முடி நரைத்து, டெக்சஸில் ஓய்வு பெற்ற பரிசோதகன் நான். விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் இன்னும் இடம்பெறாத ஒரு நடுகல்லை நம்மவர்கள் டெக்சஸில் சுகர் லேண்டுக்கு அப்பால் நட்டார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓய்வு பெற்றவன் வீட்டில் இருந்தால் அலமாரிகளைப் பரிசோதிப்பான். என் மனைவி அதைச் சில மாதங்கள் பொறுத்துக்கொண்டாள். பிறகு, பழைய போர் விமானம் ஒன்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் சின்ன அருங்காட்சியகத்துக்கு அவளே தொலைபேசியில் பேசி என்னைச் சேர்த்துவிட்டாள். சம்பளம் கிடையாது. காப்பி உண்டு. அதையும் பரிசோதித்த பிறகே குடிக்க வேண்டும்.

அந்த விமானத்தின் பெயர் ஹார்பூன். இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட ரோந்து குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின், இரட்டை வால், தடித்த உடம்பு. இதன் பூர்வீகம் ஒரு சாதுவான பயணிகள் விமானம். அதைப் போருக்கு ஏற்றபடி மாற்றி முதலில் ஒரு குண்டுவீச்சு விமானத்தைச் செய்தார்கள். அதன் இறக்கையை நீட்டி, அதிகம் சுமக்கும்படி வயிற்றைப் பெருக்கி, மூக்கில் துப்பாக்கிகளைச் செருகி ஹார்பூனைச் செய்தார்கள். நீட்டிய இறக்கை ஆரம்பத்தில், பாய்ந்து இறங்கும்போது இஸ்திரி போடாத சட்டை மாதிரி சுருங்கியது. அதற்குள் இருந்த எரிபொருள் தொட்டி ஒழுகியது. போர் காத்திருக்குமா? "கொஞ்ச நாளைக்குப் பாயாதீர்கள்" என்று ஓட்டுகிறவர்களிடம் சொல்லிவிட்டு, பின்னாலேயே திருத்திக்கொண்டு வந்தார்கள். இன்று மென்பொருளில் நடப்பது அன்று அலுமினியத்தில் நடந்தது.

ரோந்து என்றதும் சாகசத்தைக் கற்பனை செய்யாதீர்கள். அலூஷியன் தீவுகளின் மூடுபனிக்குள் புகுந்து வெளிவந்து, சாம்பல் நிறக் கடலை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ரோந்து. பெரும்பாலான நாட்களில் எதுவும் தென்படாது. தென்படும் நாளில், அதுவரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மூளை உடனே விழித்துக்கொள்ள வேண்டும். நம் தொழிலும் அதுதான் என்பது என் கட்சி.

போர் முடிந்ததும் இவற்றை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். சிலவற்றைக் காட்டுத்தீயை அணைக்க அனுப்பினார்கள். இன்னும் சிலவற்றைக் கொண்டு தென் மாநிலங்களில் தீயெறும்புக்கு மருந்து தெளித்தார்கள். எங்கள் ஹார்பூன் எறும்பு வகையறா. நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாடப் பிறந்து, எறும்பை வேட்டையாடி வயிறு வளர்த்தது. முனைவர் பட்டத்தோடு டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் இன்னொருவர் எழுதிய நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

இந்தக் கதை நடந்த வருடம் ஹார்பூன் பறப்பதை நிறுத்தும் நிலைக்கு வந்திருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இதயக் கோளாறு. மருத்துவச் சான்றிதழ் போய்விட்டது. உரிமம் பெற்ற வேறு விமானி இல்லையென்றால் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாவிட்டால் பறக்க முடியாது. ஃப்ரீவே ஓரத்தில் பார்பெக்யூ கடை வைத்திருந்த ஒருவர், கடை வாசலில் கம்பம் நட்டு அதன் உச்சியில் ஹார்பூனைச் செருகி வைக்கத் தயாராக இருந்தார். அருங்காட்சியக நிர்வாகக் குழு அடுத்த வாரம் கூடி முடிவெடுக்க இருந்தது. எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு ஒரு விமானத்தைக் கம்பத்தில் ஏற்றுவதை என்னால் கழுவேற்றம் என்றுதான் சொல்ல முடியும்.

காப்பாற்றக்கூடியவர் ஒருவர்தான். டாக்டர் கௌரி. சுகர் லேண்டில் சிறுநீரக மருத்துவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சனிக்கிழமைகளில் சிறு விமானங்கள் ஓட்டிப் பழகி, பிறகு எங்கள் பழைய விமானியிடம் ஹார்பூனை முறையாகக் கற்றவர். வாழ்க்கையில் எழுதிய எந்தத் தேர்விலும் இரண்டாமிடம் எப்படி இருக்கும் என்று அறியாதவர். பாக்கியிருந்தது இறுதிப் பறப்புத் தேர்வு மட்டும். இந்த ரக விமானத்துக்குத் தேர்வு நடத்தும் அதிகாரம் பெற்றவர்கள் மிகக் குறைவு. எங்களுக்குக் கிடைத்தவர் கலிஃபோர்னியாவில் டப்ளின் ஊர்க்காரர். ஒரே ஒரு சனிக்கிழமை வருவார், மாலையே திரும்பிவிடுவார். பறந்துகொண்டிருக்கும்போது கருவிகளின் முகத்தில் ரப்பர் மூடியை ஒட்டி மறைத்துவிட்டு, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்பது அவருடைய பிரசித்தி பெற்ற விளையாட்டு.

தேர்வுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

எங்கள் தன்னார்வலர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களுக்குத் தலைவர் பழனிசாமி. கோபிசெட்டிபாளையத்துக்காரர், எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பம்பு இன்ஜினியர். விமானத்தைத் துடைத்து மெருகேற்றுவது அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை ஒரு கூடையோடு வந்து என் மேஜைமுன் நின்றார்.

"நாளைக்குப் பரீட்சைங்க சார். இன்னைக்கு ஆயுத பூஜைங்க. தானா அமைஞ்சு வந்திருக்குது பாருங்க."

"டேங்க் ரொம்ப பெட்ரோலும் அமைஞ்சு வந்திருக்கு. கற்பூரம் கூடாது."

"பேட்டரி வெளக்குங்க?"

"ஓகே."

"பூசணிக்காய்?"

"துண்டு எஞ்சின் பக்கம் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"பார்க்கிங் லாட்ல ஒடச்சுக்கறோங்க."

"உங்க கார் பக்கத்துல ஒடைங்க."

"எலுமிச்சம்பழமாவது வைக்கலாமுங்களா?"

"வால் சக்கரத்துக்கு ஒண்ணு. நசுங்கின தோலை முழுசா எடுத்து எங்கிட்ட காட்டணும்."

"சந்தனம், குங்குமம்?"

"வெச்சு, கும்பிட்டு, போட்டோ எடுத்துட்டுத் தொடைச்சிடணும்."

பூஜை நன்றாகவே நடந்தது. அருங்காட்சியக இயக்குநர் ஒரு டெக்சஸ் அம்மணி. கௌபாய் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்ததும் நான் துணியோடு போய் ஹார்பூனின் உடம்பில் இருந்த ஒவ்வொரு பொட்டையும் துடைத்தேன். பழனிசாமி பின்னாலேயே வந்தார்.

"பரீட்சைக்குப் போற புள்ளைய வெறும் நெத்தியோட அனுப்பறீங்க."

"பாஸாகி வரட்டும், நானே பட்டை போட்டு விடறேன்."

மறுநாள் காலை தேர்வாளர் வந்தார். உயரமானவர்; சட்டைப்பை ரப்பர் மூடிகளால் புடைத்திருந்தது. கௌரி விமானத்தைச் சுற்றிவந்து விதிப்படி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். குறையே சொல்ல முடியாத பரிசோதனை. பிறகு மூவரும் உள்ளே ஏறினோம். இடது இருக்கையில் கௌரி, வலது இருக்கையில் தேர்வாளர், நடுவில் சற்றுப் பின்னால் மடக்கு இருக்கையில் மெக்கானிக்காக நான். தேர்வாளர் திரும்பிப் பார்த்து, "தேர்வு முடியும்வரை நீங்கள் சாமான். சாமான் பேசாது" என்றார். விதி அவர் பக்கம்தான், தலையாட்டினேன்.

நாங்கள் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் வெளியே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை.

ஹார்பூனின் இரண்டு பக்கங்களிலும், கதவுக்கு முன்னால், உடம்போடு உடம்பாக ஒரு சின்னத் துளை உண்டு. அதைச் சுற்றி அழகாக ஒரு சிவப்பு வட்டம் வரைந்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூன்று கருவிகளுக்குப் போகிறது: உயரமானி, வேகமானி, பிறகு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் ஏற்றமானி. எங்களுக்கு அது கருவிகளின் மூக்குத்துளை. பழனிசாமிக்கு அது, வட்டம் போட்டு நடுவில் குறியும் வைத்து, பொட்டுக்கென்றே விட்டுவைத்த இடம். என் கண்ணில் படாத சின்ன இடமும்கூட. நல்ல கெட்டிச் சந்தனமாக எடுத்து இடப்பக்கம் ஒன்று வைத்தார். அதன்மேல் குங்குமம். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் குறை என்று சுற்றிப் போய் வலப்பக்கமும் ஒன்று. பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

இரண்டு துளையும் அடைபட்டால் தரையின் காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும். விமானம் எவ்வளவு உயரம் போனாலும் உயரமானி, "இன்னும் கிளம்பவில்லையே" என்று சாதிக்கும். வேகமானி இன்னும் மோசம். ஓடுபாதையில் உண்மை பேசும். ஏற ஏறக் குறைத்துச் சொல்லும். வேகம் போதவில்லை என்று பதறி மூக்கைத் தாழ்த்துகிறவர் பூமியைச் சந்திப்பார்.

எஞ்சின்கள் முழங்க ஹார்பூன் ஓடி, வால் தூக்கி, எழும்பியது. வேகமானியின் முள் சாயத் தொடங்கியது. உயரமானியின் முள் நட்டுவைத்த கம்பம்.

கௌரி பதறவில்லை. பதறாததோடு, அவர் முகம் மலர்ந்தது. படித்துவிட்டுப் போன கேள்வியே வினாத்தாளில் வந்திருக்கும் மாணவியின் முகம். ஆங்கிலத்தில் கணீரென்று ஒப்பித்தார்: வேகமானி குறைகிறது, உயரமானி அசையவில்லை, எஞ்சின் விசையும் மூக்கின் நிலையும் சரியாக இருக்கின்றன, எனவே இது காற்றுத்துளை அடைப்பு, இனிக் கருவிகளை நம்பாமல் விசையையும் மூக்கின் நிலையையும் நம்பி ஓட்டுகிறேன்.

"அடுத்து?" என்றார் தேர்வாளர்.

"புதிய விமானங்களில் மாற்றுக் காற்றுக்குழாய் இருக்கும். இதில் இல்லை. ஆகவே ஏற்றமானியின் கண்ணாடியை உடைத்து, விமானத்துக்குள் இருக்கும் காற்றைக் குழாய்க்குள் விடுவேன்."

சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடியை விரலால் தொட்டுக் காட்டினார். தேர்வில் யாரும் கண்ணாடியை நிஜமாக உடைப்பதில்லை. தொட்டுக் காட்டினால் மதிப்பெண் உண்டு. தொட்டுக் காட்டிவிட்டு மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்தார். தேர்வாளரும் எதற்காகவோ காத்திருந்தார். விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே, வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த மேகக்கூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே பார்த்து ஓட்டும் வாய்ப்பும் போய்விடும்.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாம் தேர்வெழுதியே கடல்கடந்த கூட்டம். எந்தச் சிக்கல் வந்தாலும், இதை யாரோ நமக்காகக் கேள்வியாக அமைத்திருக்கிறார்கள், சரியான விடை சொன்னதும் அவரே எடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை நம் எலும்பில் ஊறியிருக்கிறது. விடை தெரிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் அதிகம். கௌரி, தேர்வாளர்தான் ஏதோ தந்திரம் செய்து துளைகளை அடைத்திருக்கிறார் என்று முழுமனதாக நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். தேர்வாளர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்பது விதி. விதியை மீறிய தேர்வாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. தேர்வாளர், யாரும் கவனிக்காதபடி, உயரமானியின் கண்ணாடியைச் சுண்டுவிரல் நகத்தால் மெல்லத் தட்டினார். ஒருமுறை. பிறகு இன்னொரு முறை.

தான் ஒளித்து வைத்த பொருளைத் தானே தேடுகிறவர் உண்டா?

சாமான் பேசக்கூடாது. பேசினால் தேர்வு நின்றுபோகும். தேர்வு நின்றால் அவர் மாலையில் டப்ளின் போய்விடுவார். ஹார்பூன் பார்பெக்யூ கடைக்குப் போய்விடும். பேசாவிட்டால் எல்லாரும் ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டே மேகத்துக்குள் போவோம். தமிழில் கௌரியிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று ஒரு சபலம். அது தேர்வாளர் காதில் பிட் கொடுப்பது போலத்தான் விழும். ஆகவே மூவருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஐயா, இந்த அடைப்பு உங்கள் வேலையா?"

அவர் சரக்கென்று திரும்பினார்.

"இல்லை. உங்கள் வேலை என்றல்லவா நினைத்தேன். இந்த அம்மா இவ்வளவு தயாராகப் பதில் சொன்னதும், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே கொண்டுபோய் முடிக்கிறீர்கள், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்."

கௌரியின் முகத்திலிருந்த மலர்ச்சி கழன்று விழுந்தது. என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"அப்ப இது எக்ஸாம் இல்லையோ?"

"இல்லம்மா. எக்ஸாம் இல்ல."

அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யார் செய்தது என்று கேட்கவில்லை. தேர்வு என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. முதலில் மூக்கைச் சமன்படுத்தி, மேகத்துக்குக் கீழேயே விமானத்தை வைத்துக்கொண்டார். விமான நிலையத்தோடு பேசி, கருவி பழுது, திரும்பி வருகிறோம் என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், இப்ப உண்மையா உடைக்கத்தான் வேணும்."

அந்த ஏற்றமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பொருத்திய அசல் கருவி. எறும்பு மருந்தையும் தாண்டி அந்தப் பலகையில் பிழைத்திருந்த ஒரே அசல். நான் அதைத் துடைத்த துடைப்பைப் பார்த்து என் மனைவி அதற்குச் சின்ன வீடு என்று பெயர் வைத்திருந்தாள். ஆகவே எனக்குள் இருந்த அறிவாளி உடனே விழித்துக்கொண்டான்.

"யோசிச்சுப் பாரும்மா. உள்ள அடைபட்டிருக்கறது தரைக் காத்துதானே? தரைக்கிட்ட வந்தா வேகமானி தானாவே கரெக்டா காட்டும். தியரிப்படி..."

"அங்கிள், நீங்கள் எங்களைக் காப்பாத்தப் பாக்கிறியளோ, உங்கட கண்ணாடியைக் காப்பாத்தப் பாக்கிறியளோ?"

"என்ன பேசுகிறீர்கள்?" என்றார் தேர்வாளர் ஆங்கிலத்தில்.

"என் நேர்மையைப் பற்றி" என்றேன்.

கௌரி விடவில்லை. "எனக்கு ரெண்டு கையும் இங்க வேணும். நீங்களே உடையுங்கோ."

என் டார்ச்சை எடுத்தேன். கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடி அப்படியே இருந்தது.

"அங்கிள், அது கதவில்லை, தட்டிட்டுக் காத்துக்கொண்டிருக்க."

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். கண்ணாடி உள்பக்கமாக நொறுங்கியது. மறுகணமே உயரமானியின் முள் தூக்கத்திலிருந்து எழுந்து விறுவிறுவென்று சுற்றி நின்றது. வேகமானி நிமிர்ந்தது. உடைபட்ட ஏற்றமானி மட்டும் கோபித்துக்கொண்டு, ஏறினால் இறங்குகிறோம் என்றும் இறங்கினால் ஏறுகிறோம் என்றும் தலைகீழாகக் காட்ட ஆரம்பித்தது. கண்ணாடி உடைந்தால் அதன் சுபாவமே அப்படித்தான். நான் அதன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

கௌரி ஹார்பூனைப் பூப்போல இறக்கினார் என்று எழுத ஆசைதான். அது பூ இல்லை. ஒருமுறை துள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தது. எல்லாரும் முழுசாக வெளியே வந்தோம். அது போதும்.

இறங்கியதும் நான் நேராக இடப்பக்கத் துளைக்குப் போனேன். சிவப்பு வட்டத்தின் நடுவில் மங்களகரமாக ஒரு பொட்டு. காற்றில் குங்குமம் பின்பக்கமாக இழுபட்டு வால்நட்சத்திரம் போல இருந்தது. பழனிசாமி சிரித்த முகத்தோடு சுண்டல் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"பாஸுங்களா டாக்டரம்மா? இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிருச்சு?"

கௌரி பொட்டைக் காட்டினார். "பழனி அங்கிள், இது நீங்களோ?"

"சின்னதாத்தானுங்க வெச்சேன். சாருக்குத் தெரியாம."

"எனக்கு மட்டும் தெரியாம வெச்சிருந்தா பரவாயில்ல" என்றேன். "உயரமானிக்குத் தெரியாம வெச்சிருக்கீங்க."

என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டார். தேர்வாளர் குனிந்து, வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். இந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கவும் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. இதைப் படிக்கவில்லையா என்று கேட்டார்.

"படிச்சனுங்க" என்றார் பழனிசாமி என்னிடம். "அதனாலதான் நல்லாத் தொடச்சுப்போட்டு வெச்சேன்."

நான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். தேர்வாளர் அந்த அறிவிப்பை மறுபடியும் படித்தார். ஒரு தேர்வாளருக்கு வினாத்தாளில் பிழை இருப்பது தெரியவரும் தருணம் அது.

"என்னால டாக்டரம்மா பரீட்சை போச்சுங்களா?" என்றார் பழனிசாமி.

தேர்வாளர் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: "போகவில்லை. இடைநிறுத்தம். நான் கிளம்புவதற்குள் விமானம் விதிப்படி தகுதியாக நின்றால் மிச்சத்தை நடத்துவேன். நிற்காவிட்டால் கிளம்பிவிடுவேன்."

இயக்குநர் அம்மணி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "சந்தனத்தைத் துடை. கண்ணாடிமேல் டேப்பை ஒட்டு. கையெழுத்துப் போடு. அடுத்த வாரம் குழு கூடுகிறது, தெரியுமல்லவா?"

"தெரியும். டேப் ஒட்டிய கண்ணாடியை எந்த விதியும் கண்ணாடி என்று ஒப்புக்கொள்வதில்லை என்பதும் தெரியும்."

"நீ விதியைக் காப்பாற்றுவாய். விமானம் கம்பத்துக்குப் போகும்."

கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடைத்ததும் இந்தக் குரலை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். நல்லவர்களின் வாயிலிருந்துதான் வரும். சண்டை போடாதீர்கள். விதியை அவர்களைவிட ஆழமாகப் படித்திருங்கள். வழி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பகலில், வெளியே பார்த்து ஓட்டும் பறப்புக்கு ஏற்றமானி கட்டாயமில்லை. கழற்றிவிடலாம். அதன் குழாயை முறையாக மூடி, துளைகளைச் சுத்தம் செய்து, குழாயில் கசிவு இல்லை என்று சோதித்துவிட்டால் விமானம் தகுதியானதே. சோதிக்காமல் தகுதியில்லை. இரண்டையும் அம்மணியிடம் சொன்னேன்.

என் சின்ன வீட்டை நானே பலகையிலிருந்து கழற்றினேன். சந்தனத்தை உள்ளே தள்ளாமல் வெளியே எடுப்பது சிக்கலான வேலை. பழனிசாமி பல்குச்சியோடு மண்டியிட்டுத் துளித்துளியாக எடுத்தார். பம்பு இன்ஜினியரல்லவா, கை நிதானமாக இருந்தது. உதடு மட்டும் முருகனை அழைத்துக்கொண்டிருந்தது. தேர்வாளர் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். கௌரி இறக்கையடியில் நடந்துகொண்டிருந்தார்.

முதல் கசிவுச் சோதனையில் முள் நிற்கவில்லை, மெல்ல இறங்கியது. அம்மணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம்தானே இறங்குது அங்கிள்" என்றார் கௌரி.

"உங்க பேஷன்ட் கிட்னியும் கொஞ்சம்தான் லீக் ஆகுதுன்னு அனுப்பிடுவீங்களா?"

அவர் டார்ச்சை எனக்காகப் பிடித்தார். ஏற்றமானிக் குழாய்க்குப் போட்ட மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. வேறொன்று போட்டு மறுபடி சோதித்தோம். முள் நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன். தேர்வாளர் எழுந்து கைகழுவிவிட்டு வந்தார். பழனிசாமியை இயக்குநர் அம்மணியே கையைப் பிடித்துக்கொண்டு பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்.

இரண்டாவது முறை எழும்பினோம். முட்கள் எல்லாம் ஒழுங்காக ஏறின. கொஞ்ச தூரம் போனதும் தேர்வாளர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் மூடி ஒன்றை எடுத்து வேகமானியின் முகத்தில் ஒட்டினார்.

கௌரி ஒப்பிக்கவில்லை. "ஐயா, இது நீங்கள்தானே?"

"நான்தான். ஒட்டியதைப் பார்த்தீர்களே."

"பார்த்தேன். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்." பிறகுதான் பதில் சொன்னார்.

சற்று நேரத்தில் இடது எஞ்சினின் விசை குறைந்தது.

"இதுவும் நீங்களா?"

"நானேதான் அம்மா."

"மெக்கானிக் என்ன சொல்கிறார்?"

"அவர் கை நெம்புகோலில் இருக்கிறது, நான் பார்க்கிறேன்" என்றேன். சாமான் பேசியதற்குத் தேர்வாளர் ஆட்சேபம் சொல்லவில்லை.

தேர்வு முழுவதும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு குறும்புக்கும் முதலில் ஒரு கேள்வி, பிறகுதான் விடை. தேர்வாளர் இறங்குவதற்குள் கொஞ்சம் களைத்துப்போயிருந்தார். இந்தமுறை ஹார்பூன் துள்ளவில்லை. எஞ்சின்கள் அடங்கின. அந்தப் பெரிய சத்தத்துக்குப் பின் வரும் அமைதியில், தேர்வாளர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கௌரியிடம் கையை நீட்டினார்.

"வாழ்த்துகள். தேறிவிட்டீர்கள்."

கௌரி அந்தக் கையை உடனே பிடிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அங்கிள், இது ரியலோ?"

நான் தேர்வாளரின் முகத்தை நன்றாகப் பார்த்துப் பரிசோதித்தேன்.

"ரியல்தாம்மா. கையக் குடுங்க."